பெரிய ஹாலில் ஸ்டீரியோ ஸ்பீக்கர்: எதை வாங்குவது, எங்கே வைப்பது

ஹால், சாப்பாட்டு மேஜை, சமையலறை மூன்றும் நடுச்சுவர் இல்லாமல் ஒரே இடமாக இருக்கும் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது இதுதான்: "இவ்வளவு பெரிய இடத்துக்கு எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வேண்டும்?" அதைவிட முந்தி வர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்?

குரல், வயலின், பியானோ போன்ற ஒலிகளைப் பொறுத்தவரை ஸ்பீக்கருக்கும் உங்கள் காதுக்கும் இடையிலுள்ள தூரம்தான் கணக்கு. ஹால் எவ்வளவு பெரிதானால் என்ன, மூன்று மீட்டரில் உட்கார்ந்தால் மூன்று மீட்டருக்கான ஸ்பீக்கர் போதும். பேஸ் எனப்படும் அடி ஒலி மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது சமையலறை, மாடிப்படி, நடைபாதை எல்லாவற்றுக்கும் போய்ப் பரவும். ஆகவே நடு ஒலியையும் மேல் ஒலியையும் தூரத்தை வைத்தும், பேஸை மொத்தக் கன அளவை வைத்தும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஹாலை நிரப்புவதற்காகவே ஆளுயர டவர் ஸ்பீக்கர் வாங்கி, அதை ஆறு மீட்டர் தள்ளி டிவி சுவரில் நிறுத்திவிட்டு, "சத்தம் வருகிறது, பாட்டு வரவில்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய பேர்.

முதலில் இருக்கை

ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வாருங்கள். சோஃபாவோ நாற்காலியோ, பாட்டுக் கேட்கும் இடம் எது என்று முடிவு செய்யுங்கள். அங்கிருந்து இரண்டு ஸ்பீக்கர்களும் இரண்டரை முதல் மூன்றரை மீட்டருக்குள் சம தூரத்தில் வர வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு இடையிலும் ஏறக்குறைய அதே அளவு இடைவெளி இருந்தால் மூன்று புள்ளிகளும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம் ஆகும். இடைவெளி கொஞ்சம் குறைந்தாலும் குடி முழுகிவிடாது. ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால்தான் இடது வலது என்ற விரிவு சுருங்கிப்போகும்.

ஏன் இவ்வளவு கிட்டத்தில்? திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி வீட்டுக்குள்ளும் அப்படித்தான் குறையும். ஆனால் சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி ஹால் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். பின்னால் நகர நகர ஸ்பீக்கரைக் கேட்பது குறைந்து ஹாலைக் கேட்பது கூடிவிடுகிறது. பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் இது தீராது, ஏனென்றால் நேரடி ஒலியோடு சேர்ந்து எதிரொலியும் அதே அளவுக்கு உயரும்.

டிவி தூரத்துச் சுவரில் இருக்கிறது, சோஃபாவை நகர்த்த வழியில்லை என்றால் ஸ்பீக்கர்களை டிவியோடு கட்டிப்போட வேண்டியதில்லை. டிவிக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இழுத்து, இரு ஓரங்களில் நிறுத்திவிடலாம். பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். வீட்டில் அதற்குச் சம்மதம் கிடைக்காவிட்டால், பாட்டுக்கென்று தனியாக ஒரு நாற்காலியை முன்னால் கொண்டுவந்து போட்டுக்கொள்வது இரண்டாவது வழி.

வாட் கணக்கு

ஸ்பீக்கர் விவரத் தாளில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் வரும் என்பது அது. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 84 முதல் 92 வரை பார்க்கலாம். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்ட்டுக்கு 2 வாட் இழுக்கும். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரில் 87 என்று போட்டிருந்தால் மனசுக்குள் 84 என்று குறைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் ஏமாறுவது சுலபம்.

இப்போது ஒரு கணக்கு. 8 ஓம், 87 டெசிபெல் ஸ்பீக்கர், இருக்கை 3.5 மீட்டரில். தூரத்தால் 11 டெசிபெல் போகும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து 3 டெசிபெல் திருப்பித் தரும். ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் காதில் 79 டெசிபெல். நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்கும்போது சராசரி 75 அளவில் இருந்தாலும், டிரம் அடிபோல் திடீரென்று எழும்பும் இடங்களில் 95 வரை தேவைப்படலாம். 79இலிருந்து 95க்குப் போக 16 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 40 வாட். அறையின் எதிரொலி கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் என்பதால் உண்மையில் இன்னும் குறைவாகவே போதும்.

அதே ஸ்பீக்கரை 5 மீட்டர் தள்ளி வைத்தால் 80 வாட் கேட்கும். 84 டெசிபெல் ஸ்பீக்கராக இருந்தால் 160 வாட். 2.5 மீட்டருக்கு வந்து உட்கார்ந்தால் முதல் ஸ்பீக்கருக்கு 20 வாட்டே தாராளம். நாற்காலியை நகர்த்துவதற்குக் காசு செலவில்லை.

ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது கணக்கில் வந்ததைவிட இரண்டு மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. வாட் இரட்டித்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல், அதாவது காதுக்குச் சின்ன வித்தியாசம்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 80 வாட் ஆம்பா 100 வாட் ஆம்பா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சின்ன ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முறுக்குவதுதான் ஆபத்து. ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டர், அதாவது மேல் ஒலியைத் தரும் சின்ன பாகம், சூடாகிக் கருகக்கூடும்.

எந்த மாதிரி ஸ்பீக்கர்

மூன்று மீட்டருக்குள் உட்காருகிறீர்கள், சப்வூஃபர் (பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) சேர்க்கத் தயார் என்றால் ஆறரை அங்குல வூஃபர் (கீழ் ஒலியைத் தரும் பெரிய கூம்பு) உள்ள நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். பெயர்தான் புக்‌ஷெல்ஃப், அதை அலமாரிக்குள் புத்தகங்களோடு செருகி வைக்கக் கூடாது. உறுதியான ஸ்டாண்டில் வையுங்கள். சப்வூஃபரே வேண்டாம், ஆனால் பேஸ் வேண்டும் என்பவர்கள் டவர் பக்கம் போகலாம். அப்போதும் உயரத்தைப் பார்த்து மயங்காமல் வூஃபரின் அளவையும் எண்ணிக்கையையும் பாருங்கள். 8 அங்குல வூஃபரின் பரப்பு 5 அங்குல வூஃபரைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். ஒரு சுருதி பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கும்போது, அதே சத்தத்துக்கு வூஃபர் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சின்ன வூஃபரை வைத்துக்கொண்டு பெரிய ஹாலில் 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) பேஸை எதிர்பார்ப்பது அதனால்தான் நடக்காது.

கண்ணாடியும் டைல்ஸும் நிறைந்த ஹாலில் ஒலியை எல்லாப் பக்கமும் சமமாக வீசும் ஸ்பீக்கரைவிட, முன்பக்கமாகக் குவித்து அனுப்பும் ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்கும். ட்வீட்டரைச் சுற்றிக் கிண்ணம்போல் குழிந்த அமைப்பு, அதாவது வேவ்கைடு உள்ள மாதிரிகளைத் தேடிப் பாருங்கள். ஃபிளாய்ட் டூல் என்ற ஆராய்ச்சியாளர் முதலில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் செய்த வேலை ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. ஸ்பீக்கரின் பெயரும் தோற்றமும் தெரியாமல் கேட்கிறவர்கள் விரும்பியது, நேர் எதிரில் சமமான ஒலியும் பக்கவாட்டில் திடீர் ஏற்ற இறக்கம் இல்லாத ஒலியும் தரும் ஸ்பீக்கர்களைத்தான். ஸ்பினோரமா என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் இதைத்தான் காட்டுகின்றன. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கோடுகள் மேடு பள்ளம் இல்லாமல், ஒன்றையொன்று ஒட்டியே மெதுவாகச் சரிந்தால் நல்லது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது யாராவது பேசும் பதிவு ஒன்றைப் போடச் சொல்லி, ஸ்பீக்கருக்கு முன்னால் இடமிருந்து வலமாக மெல்ல நடந்து பாருங்கள். நடக்க நடக்கக் குரலின் தன்மை மாறிக்கொண்டே போனால் அந்த ஸ்பீக்கர் எதிரொலி நிறைந்த ஹாலுக்கு ஒத்துவராது. பேஸைப் பற்றி மட்டும் கடையில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கடையின் சின்ன மூடிய அறையில் கேட்ட பேஸ் உங்கள் திறந்த ஹாலில் இருக்காது.

எங்கே நிறுத்துவது

ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு திடமான சுவர் இருக்கட்டும். திறந்த ஹாலில் பேஸுக்குக் கிடைக்கும் துணையே அந்தச் சுவர்தான், அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் சுவர் உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நேரடி ஒலிக்கு எதிராக வந்து அதை அடித்துவிடும். அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து, நான்கால் பெருக்கி, வந்ததை வைத்து 343ஐ வகுங்கள். (343 என்பது ஒலி ஒரு நொடியில் போகும் மீட்டர்.) ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 86 ஹெர்ட்ஸில் பள்ளம். 60 சென்டிமீட்டரில் 143 ஹெர்ட்ஸ். 30 சென்டிமீட்டரில் சுமார் 286.

இதில் மோசமானது நடுவாந்தர தூரம்தான். பாட்டின் உடம்பு இருக்கும் இடமே 80 முதல் 200 ஹெர்ட்ஸ். அங்கே பள்ளம் விழுந்தால் ஒலி மெலிந்துபோகும். சுவருக்கு நன்றாகக் கிட்டத்தில் வைத்தால் பள்ளம் மேலே போய்விடும். அந்த உயரத்தில் ஸ்பீக்கர் ஒலியைப் பின்பக்கம் அவ்வளவாக வீசாது என்பதால் பாதிப்பும் குறையும். பெரிய ஹாலுக்கு முதலில் இதைத்தான் முயன்று பார்க்கச் சொல்வேன்: ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் 10 முதல் 20 சென்டிமீட்டர். பின்பக்கம் போர்ட், அதாவது காற்று ஓட்டை உள்ள ஸ்பீக்கரானால் 20க்குக் குறைக்க வேண்டாம். பேஸ் கும்மென்று அதிகமாகிவிட்டால் ஓட்டையில் ஸ்பாஞ்சு அடைத்துப் பாருங்கள். பல ஸ்பீக்கர்களோடு அந்த ஸ்பாஞ்சு சேர்ந்தே வரும்.

உட்கார்ந்திருக்கும்போது ட்வீட்டர் காது உயரத்தில், பொதுவாகத் தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் உடனே சுவர் வரக் கூடாது, ஒரு மீட்டராவது இடம் விடுங்கள். திறந்த ஹாலில் சோஃபா பெரும்பாலும் நடுவில்தான் கிடக்கும் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்.

இனி இந்த மாதிரி ஹாலின் உண்மையான தலைவலிக்கு வருவோம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சமையலறை வரைக்கும் திறந்த வெளி. சுவர்ப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி சுவரில் பட்டு எகிறி வரும், அதன் பேஸும் கூடும். மற்றதற்கு அந்தத் துணை கிடையாது. விளைவாக நடுவில் நிற்க வேண்டிய பாடகர் சுவரை நோக்கி நகர்ந்து நிற்பார். இதற்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில், அமைப்பையே 90 பாகை திருப்ப முடியுமா பாருங்கள். இரு பக்கமும் திறந்திருப்பது ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். அது முடியாதென்றால் முக்கோணம் முழுவதையும் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். சுவருக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் ஒரு மீட்டருக்கு மேல் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத்துக்குச் சுவரில் எகிறும் இடத்தை மறைக்க வேண்டும். ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும், நீங்கள் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே தடித்த திரைச்சீலையோ, ஆழம் ஒழுங்கில்லாமல் புத்தகங்கள் அடுக்கிய அலமாரியோ வரட்டும். அப்புறமும் குரல் ஓரமாகவே நின்றால் ஆம்ப்பின் பேலன்ஸ் குமிழை ஒரு டெசிபெல் அளவுக்குத் திருப்புங்கள். அந்தக் குமிழைத் தொடுவதே பாவம் என்று நினைக்கும் இசைப் பிரியர்கள் சிலர் உண்டு. எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

ஸ்பீக்கர்களை உள்பக்கமாகத் திருப்புவதும் இங்கே கைகொடுக்கும். முதலில் இரண்டும் உங்கள் தோள்களை நோக்கி இருக்கட்டும். சோஃபாவில் மூன்று பேர் உட்காருவார்கள் என்றால் இன்னும் திருப்பி, இரண்டின் பார்வையும் உங்களுக்கு முன்னாலேயே குறுக்கே வெட்டிக்கொள்ளும்படி வைத்துப் பாருங்கள். ஓரத்தில் உட்காருபவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முகம் திருப்பிக்கொள்ளும், தூரத்து ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும். குரல் நடுவை விட்டு அவ்வளவாக ஓடாது.

பேஸ் தனிக் கதை

50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதற்குச் சோஃபாவும் திரைச்சீலையும் ஒரு பொருட்டே இல்லை. மூடிய சின்ன அறையில் கீழ் பேஸ் தானாகவே கொஞ்சம் தூக்கிக்கொண்டு வரும். திறந்த ஹாலில் அந்தச் சலுகை மிகக் குறைவு. பதிலுக்கு, சின்ன அறைகளில் தொல்லை தரும் கும் கும் அதிர்வு இங்கே பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

சப்வூஃபர் வாங்கும்போது ஹாலை மட்டும் அளக்காமல், கதவில்லாமல் இணைந்திருக்கும் எல்லா இடத்தையும் சேர்த்துக் கன மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சப்வூஃபர் சின்னது என்றால் அதைச் சோஃபாவுக்குப் பக்கத்தில், அல்லது பின்னால் ஒட்டினாற்போல வைப்பது நல்ல தந்திரம். தூரம் குறைவதால் குறைந்த சத்தத்திலேயே உங்களுக்குப் போதுமான பேஸ் கிடைக்கும், சமையலறையும் அதிராது. கிராஸ்ஓவரை, அதாவது சப்வூஃபர் எந்த அதிர்வெண் வரை பாட வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. முடிந்தால் 80க்குக் கீழே உள்ளதை முக்கிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்பாமல் தடுத்துவிடுங்கள். சின்ன வூஃபர்களுக்குப் பெரிய சுமை குறையும்.

வேறு இடம் தேட வேண்டுமென்றால் தலைகீழாகச் செய்யுங்கள். சப்வூஃபரை உங்கள் இருக்கையில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, அது நிற்கக்கூடிய இடங்களில் எல்லாம் தரையோடு தரையாகக் குனிந்து கேளுங்கள். எங்கே பேஸ் சமமாக, வீங்காமல் கேட்கிறதோ அங்கே அதை வைக்கலாம். காசும் இடமும் இருந்தால் ஒரு பெரிய சப்வூஃபரைவிட இரண்டு நடுத்தர சப்வூஃபர் நல்லது. ஒன்று விட்ட பள்ளத்தை மற்றது நிரப்பும்.

வெறும் தரை, வெறும் சுவர்

8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஹாலில் எதுவுமே இல்லாமல் டைல்ஸும் பூசிய சுவரும் மட்டும் இருந்தால், ஒலி அடங்க இரண்டு நொடிக்கு மேல் பிடிக்கும். பாட்டுக் கேட்க அரை நொடி போல இருந்தால் சுகம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். இன்றைக்கும் பயன்படும் சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததுதான். நாம் செய்வதும் அதே வேலைதான். துணி போட்ட சோஃபா (தோல் போட்டதைவிட நல்லது), ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே தடித்த கம்பளம், கண்ணாடி ஜன்னலுக்கு மடிப்பு நிறைந்த திரை. மூன்றும் வந்த பிறகு நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். கிணுகிணு என்று வால் நீண்டால் இன்னும் துணி வேண்டும்.

சமையலறைக்கும் பாட்டு வேண்டும் என்றால்

ஹால் ஸ்பீக்கரின் சத்தத்தை ஏற்றாதீர்கள். ஒரு ஸ்பீக்கருக்கு மற்றதைவிட 34 சென்டிமீட்டர் கிட்டத்தில் இருந்தாலே அதன் ஒலி ஒரு மில்லி நொடி முந்தி வந்துவிடும், மொத்தப் பாட்டும் அந்தப் பக்கத்திலிருந்தே வருவதுபோல் தோன்றும். சமையலறையில் நிற்பவருக்கு ஸ்டீரியோ என்பதே கிடையாது. அங்கே ஒரு சின்ன ஸ்பீக்கரை மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஓட விடுவது போதும். இரண்டும் ஒரே சமயத்தில் பாட வேண்டுமென்றால் ஒரே நிறுவனத்தின் மல்ட்டிரூம் அமைப்பாக எடுங்கள். வெவ்வேறு வயர்லெஸ் முறைகள் வெவ்வேறு அளவு தாமதிக்கும், வீடு முழுக்க எதிரொலிப்பதுபோல் ஆகிவிடும்.

வயரும் கடைசித் திருத்தமும்

பெரிய ஹாலில் வயர் நீளும். 10 மீட்டர் வரைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். அந்த நீளத்தில் போகவர அதன் மின்தடை 0.14 ஓம்தான். அதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் வயர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும்.

எல்லாம் நின்ற பிறகு மோனோவாகப் பதிவான ஒரு குரலைப் போடுங்கள். அது இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். அகன்று தெரிந்தால் தூரங்களை மறுபடி அளங்கள், இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக்கூடச் சரிசெய்யுங்கள். ஆர்வம் இருப்பவர்கள் ஒரு யூஎஸ்பி அளவீட்டு மைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் வைத்து அளக்கலாம். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எழும்பி நிற்கும் மேடுகளை ஈக்வலைசரில் (அதிர்வெண்வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டுங்கள். ஆழமான பள்ளங்களை நிரப்பப் பார்க்காதீர்கள். கொட்டக் கொட்ட ஆம்ப்பின் சக்தி வீணாகுமே தவிரப் பள்ளம் அப்படியே இருக்கும். அதற்கு மருந்து ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு நாளாவது அப்படியே கேளுங்கள். இடம் முடிவானதும் ஸ்டாண்டின் நான்கு மூலைகளையும் தரையில் சின்ன டேப் துண்டு ஒட்டிக் குறித்து வையுங்கள். வீடு பெருக்கும்போது ஸ்டாண்ட் நகராமல் இருக்கப்போவதில்லை.